பிப்பின் ஆசையும் கடல் தாண்டி வந்த பணமும்

வாசகர் கேள்வி – பதில்

சார்லஸ் டிக்கன்ஸ் 1860 டிசம்பர் முதல் 1861 ஆகஸ்டு வரை தம்முடைய வார இதழில் தொடராக எழுதிய ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ நாவலைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் மூன்று இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. மூன்றும் பிப் என்ற பையனின் ஆசையைப் பற்றியே கேட்பதால், இம்முறை வேறு கேள்விகளை எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: இந்த நாவல் எங்களுக்குப் பாடமாக இருக்கிறது. ‘உயர்நிலைக்கு ஆசைப்பட்டதால் பிப் கெட்டான்’ என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறோம். கொல்லன் வீட்டுப் பையன் முன்னேற விரும்புவது அவ்வளவு பெரிய குற்றமா? என் வாப்பா பல ஆண்டுகளாகச் சவூதியில் உழைத்துத்தான் என்னைப் படிக்க வைக்கிறார். அந்த வரியை மனப்பாடம் செய்யும்போதெல்லாம் எனக்கு உறுத்துகிறது. (கல்லூரி மாணவி, கீழக்கரை)

பதில்: உங்கள் உறுத்தலில் நியாயம் இருக்கிறது, குறிப்பேட்டைத்தான் திருத்த வேண்டும். பிப்பின் ஆசை எந்த இடத்தில் முளைக்கிறது என்று பாருங்கள். பெற்றோரை இழந்து, அக்காளின் அடிக்கும் அவள் கணவர் ஜோவின் அன்புக்கும் இடையே வளர்கிற அந்தச் சிறுவன், தன் திருமணம் நின்றுபோன வேளையான எட்டு மணி நாற்பது நிமிடத்தில் வீட்டுக் கடிகாரங்களையெல்லாம் நிறுத்திவிட்டு மணப்பெண்ணின் உடையைக் கழற்றாமலே வாழ்ந்துவரும் மிஸ் ஹாவிஷாமின் மாளிகைக்கு விளையாட அழைக்கப்படுகிறான். அங்கே எஸ்டெல்லா என்ற சிறுமி அவனுடைய முரட்டுக் கைகளையும், கனத்த காலணிகளையும், சீட்டுக்கட்டில் ஒரு படத்துக்கு அவன் சொன்ன பெயரையும்கூட ஏளனம் செய்கிறாள். அதுவரை தன் கைகளைப் பற்றி அவன் நினைத்ததே இல்லை. வீடு திரும்பும்போது ஜோவின் பட்டறையே அவனுக்கு இழிவாகத் தெரிகிறது. கல்வியின் மேலோ ஒரு தொழிலின் மேலோ பிறந்த ஆசை என்று இதைச் சொல்ல முடியாது. தன்னை வளர்த்த வீட்டைப் பற்றிய கூச்சம் ஆசையின் உடையை அணிந்துகொண்டு வருகிறது.

பிறகு ஒரு நாள் ஜாகர்ஸ் என்ற வழக்கறிஞர் வந்து, பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் பிப்பைக் கனவானாக்கப் பணம் கொடுத்திருப்பதாகச் சொல்கிறார். கொடுத்தவர் மிஸ் ஹாவிஷாம்தான் என்று பிப் தானாகவே முடிவு செய்துகொள்கிறான். அந்த ஊகம் அவனுக்கு இனிக்கிறது. லண்டனுக்குப் போய்ச் செலவு செய்கிறான், கடன்படுகிறான். தன்னைப் பார்க்க ஜோ வரப்போகிறார் என்று தெரிந்ததும், காசு கொடுத்து அவரை வராமல் தடுக்க முடியுமானால் கொடுத்திருப்பேன் என்று பிற்காலத்தில் தன் கதையைத் தானே சொல்லும்போது ஒப்புக்கொள்கிறான். நாவல் முழுவதிலும் என்னை அதிகம் சுட்ட வாக்குமூலம் அதுதான்.

39ஆம் அத்தியாயத்தில், காற்றும் மழையுமான ஓர் இரவில், பணம் அனுப்பியவர் நேரில் வந்து நிற்கிறார். சிறு வயதில் கல்லறைத் தோட்டத்தில் பிப்பை மிரட்ட, அவன் பயந்து நடுங்கி உணவும் அரமும் கொண்டுபோய்க் கொடுத்த கைதி மாக்விட்ச் அவர். ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே ஆடு மேய்த்துச் சம்பாதித்து, அந்தச் சிறுவனுக்காகவே சேர்த்திருக்கிறார். திரும்பி வந்தால் தூக்குத்தண்டனை என்று தெரிந்தே அவனைப் பார்க்க வந்திருக்கிறார். பிப்புக்கோ அருவருப்பு தாங்கவில்லை. கூடவே, இந்த மனிதரின் பணத்துக்காகவா ஜோவைக் கைவிட்டேன் என்ற வேதனையும் வருகிறது.

சபுர் போனவர்களின், அதாவது பிழைக்க வெளிநாடு போனவர்களின் பணத்தில் வீடுகள் எழுந்த ஊரில் பிறந்தவர்கள் இந்த அத்தியாயத்தை லண்டன்வாசிகளைவிட நன்றாகப் படிப்பார்கள் என்பது என் எண்ணம். மாதந்தோறும் பணம் வந்துவிடும்; அனுப்பியவர் எத்தனை பேரோடு ஒரே அறையில் படுக்கிறார், வெயிலில் எத்தனை மணி நேரம் நிற்கிறார் என்பது அதனுடன் வருவதில்லை. உங்கள் படிப்புக்கு யார் வியர்வை சிந்துகிறார் என்பதை உங்கள் கடிதத்தின் நடுவிலேயே எழுதிவிட்டீர்கள். பிப்புக்கு அதைத் தெரிந்துகொள்ளவே 23 வயதாக வேண்டியிருந்தது. தெரிந்த பிறகும் அந்த முகத்தை நேசிக்கப் பல நாட்கள் பிடித்தன. மாக்விட்ச் சிறையில் இறக்கும்போது பிப் அவர் கையைப் பற்றிக்கொண்டிருக்கிறான். ஆசையின் தீமை என்று மட்டும் எழுதினால் அந்தக் கைக்குக் குறிப்பேட்டில் இடமில்லாமல் போய்விடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாக்விட்சின் சொத்து அரசுடைமையான பிறகு, பிப் கெய்ரோவில் ஒரு வணிக நிறுவனத்தின் எழுத்தராகச் சேர்ந்து, சிக்கனமாக வாழ்ந்து, கடனை அடைக்கிறான். ஊர் திரும்பப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. உங்கள் ஊர் வழக்கில் சொன்னால், கடைசியில் அவனும் ஒரு சபுராளிதான்.

கேள்வி: ‘ஆம்பிஷன்’ என்ற சொல்லைப் பேராசை என்பதா, இலட்சியம் என்பதா? இந்நாவலுக்கு எது பொருந்தும்? (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மண்டபம்)

பதில்: வள்ளுவர் இரண்டையும் தனித்தனி அதிகாரத்தில் வைத்திருப்பது உங்களுக்குத் தெரிந்ததே. பிறர் பொருளை விரும்பாமையை 18ஆம் அதிகாரமான வெஃகாமை சொல்கிறது. ‘உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல்’ என்ற 596ஆம் குறளோ ஊக்கமுடைமையில் வருகிறது. பிப் இந்த இரண்டிலும் அடங்கவில்லை என்பதுதான் சிக்கல். அவன் எதையும் அபகரிக்கவில்லை, ஊக்கத்தோடு எதையும் செய்யவும் இல்லை, காத்திருக்கிறான். தலைப்பிலுள்ள ‘எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அக்காலத்தில், பின்னால் வந்து சேரும் என்று நம்பியிருக்கிற சொத்து என்ற பொருளும் இருந்தது. ஆகவே ‘பெரும் எதிர்பார்ப்புகள்’ என்ற மொழிபெயர்ப்பில் பாதிதான் வருகிறது. ‘வரப்போகும் சொத்து’ என்பது பொருளுக்கு நெருக்கமானது. ஆனால் நாவலின் தலைப்பாக வைத்தால் பத்திரப்பதிவு அலுவலக வாசனை அடிக்கும்.

ஊக்கம் எப்படியிருக்கும் என்பதை டிக்கன்ஸ் தம் வாழ்விலேயே அறிந்திருந்தார். தந்தை கடனுக்காகச் சிறைப்பட்ட 1824இல், காலணி மைத் தொழிற்சாலையில் வேலை செய்த சிறுவன் அவர். சிறு வயதில் தந்தையோடு நடந்து போகையில் ஏக்கத்தோடு பார்த்த கேட்ஸ் ஹில் மாளிகையை 1856இல் தம் எழுத்தின் வருமானத்தில் வாங்கினார். அந்த வீட்டின் சொந்தக்காரரான பிறகுதான் பிப்பின் கதையை எழுதினார்.

கேள்வி: மகள் இந்தக் கதையை எனக்குத் தமிழில் சொன்னாள். என் மகன் கடலுக்கு வரமாட்டேன், வெளியூரில் படிக்கப் போகிறேன் என்கிறான். ஜோ அந்தப் பையனைத் தடுத்திருக்க வேண்டாமா? (நாட்டுப்படகு மீனவர், தங்கச்சிமடம்)

பதில்: தடுக்க ஜோவுக்கு உரிமையே இருந்தது, ஐயா. தொழில் பழகுவதற்காகப் பிப் அவரிடம் முறைப்படி எழுதிக் கொடுத்து ஒப்பந்தமானவன். ஜோ அதை நொடியில் விடுவித்தார். இழப்பீடாகப் பணம் வேண்டுமா என்று வழக்கறிஞர் கேட்டபோது, பட்டறைக்கு வந்த அந்தச் சிறுபிள்ளையை இழப்பதற்குப் பணம் ஈடாகுமா என்று கொதித்துப்போனார். பையன் போனது தவறில்லை. போனவன் திரும்பிப் பார்க்காததே தவறு. அதைத் தடுக்கும் வழி எந்தத் தகப்பனின் கையிலும் முழுவதுமாக இல்லை. (நீர் வற்றத் தொடங்கும் நேரத்தைக் கணக்கிட்டு, மாக்விட்சைப் படகில் ஏற்றிக் கடல் நோக்கித் துடுப்புப் போட்டுத் தப்புவிக்க முயலும் பகுதியையும் மகளைச் சொல்லச் சொல்லுங்கள், அதிலுள்ள நுணுக்கம் எங்களைவிட உங்களுக்கே நன்றாகப் புரியும்.)

ஜோவுக்கும் ஓர் ஆசை இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எழுத்தறியாத அந்த மனிதர், பிப் பட்டணத்தில் இருந்த ஆண்டுகளில் பிடி என்ற பெண்ணிடம் எழுதக் கற்றுக்கொள்கிறார். பிப் நோயில் விழுந்து கடன்காரர்களிடம் சிக்கியபோது லண்டனுக்கு வந்து பக்கத்தில் இருந்து கவனிக்கிறார். பேனாவை, சம்மட்டி பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, மேசையில் முழங்கையை அழுத்தி ஊன்றிக் கடிதம் எழுதுகிறார். பிப் தேறிய பிறகு ஒரு காலையில் அவர் அறையில் இல்லை. பிழைகள் நிறைந்த சிறு கடிதம் ஒன்று இருந்தது. அதனுள் பிப்பின் கடனை அவர் அடைத்ததற்கான ரசீது மடித்து வைக்கப்பட்டிருந்தது.