வேலையோடு எம்.டெக்: லோன் எடுக்கலாமா?

கேள்வி: கோவையில் ஐடி வேலை, வயது 29. ஆண்டுச் சம்பளம் 10.5 லட்சம். செலவெல்லாம் போக மாதம் 20 ஆயிரம் மிஞ்சும். எஃப்.டி.யில் 2.5 லட்சம் இருக்கிறது. வார இறுதி வகுப்பில் எம்.டெக் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க ஆசை. நான்கு செமஸ்டருக்கும் சேர்த்து ஃபீஸ் 4 லட்சம். மூன்று ஆண்டுத் தவணையில், 14% வட்டிக்கு பர்சனல் லோன் எடுத்தால் 80இ வரிச்சலுகை உண்டு என்கிறார் ஏஜென்ட். எடுக்கலாமா சார்?

பதில்: தாராளமாகப் படியுங்கள். லோன் மட்டும் வேண்டாம்.

முதலில் ஏஜென்ட் சொன்ன கதை. 80இ என்பது கல்விக்கடன் வட்டிக்கான கழிவு. சாதாரண பர்சனல் லோனுக்கு அது பொருந்தாது. கல்விக்கடனாகவே வாங்கினாலும், பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் அந்தச் சலுகை. புதிய முறையிலோ 2025-26 நிதியாண்டு முதல் 12.75 லட்சம் வரை சம்பளம் வாங்குபவருக்கு வரியே கிடையாது. உங்கள் சம்பளம் அதற்குள் அடங்கிவிடுகிறது. கட்டவே வேண்டாத வரியில் எதைக் கழிப்பது? 'ஃபீஸை 80சி வரிக்கழிவில் காட்டலாமே' என்று ஆபீஸிலும் யாராவது சொல்வார்கள். அது பிள்ளைகளின் படிப்புக்கு, அதுவும் முழுநேரப் படிப்புக்கு மட்டும்.

இப்போது கணக்கு. 4 லட்சத்துக்கு ஈஎம்ஐ சுமார் 13,670 ரூபாய். மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 92 ஆயிரம், கிட்டத்தட்ட இன்னொரு செமஸ்டர் ஃபீஸ். அதற்குப் பதில் முதல் செமஸ்டருக்கு எஃப்.டி.யிலிருந்து ஒரு லட்சம் எடுங்கள். மீதி 3 லட்சத்தை 18 மாதத்தில் சேர்க்க மாதம் 16,670 போதும். சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.க்குப் போகும்படி வைத்துவிடுங்கள். மிச்சமுள்ள 1.5 லட்சம் அவசரத்துக்கு, அதைத் தொடாதீர்கள்.

வட்டியைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ப்ராஜெக்ட் ரிலீஸ், நைட் ஷிஃப்ட் என்று இரண்டாவது செமஸ்டரிலேயே படிப்பை விடுகிறவர்கள் உண்டு. செமஸ்டர்வாரியாகக் கட்டினால் நஷ்டம் அதோடு நிற்கும். லோன் என்றால் படிப்பு நின்றாலும் ஈஎம்ஐ நிற்காது. 'நோ காஸ்ட் ஈஎம்ஐ' என்று கல்லூரித் தரப்பில் நீட்டும் பேப்பரிலும் கடன் கொடுப்பவர் என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் இருக்கும். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம், இது எந்த அனுமதியில் நடக்கும் படிப்பு என்று எழுத்தில் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2020 தொலைதூர, ஆன்லைன் கல்வி விதிமுறையில் பொறியியலுக்கு இடமில்லை. உங்கள் வார இறுதி வகுப்பு அந்த வகையில் நடப்பதாக இருந்தால் சேராதீர்கள்.

ஃபீஸ் கட்டும் முன் ஹெச்.ஆரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சில கம்பெனிகள் ஃபீஸில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் அதோடு பாண்டும் வரும். படிப்பு முடிந்து எத்தனை மாதம் இருக்க வேண்டும், முன்னாலேயே போனால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைப் படித்துப் பாருங்கள். எம்.டெக் முடித்த கையோடு வேறு கம்பெனிக்கு மாறும் எண்ணம் இருந்தால், அந்தப் பணம் வேண்டாம்.