18 லட்சக் கடனுக்கு முன் ஒரு தூண்

பி.ஆர்க். (கட்டடக்கலை) நான்காம் ஆண்டு படிக்கும் மகள் விடுமுறை தவறாமல் பழைய மண்டபங்களைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவமாக்குகிறாள், "இது சோறு போடுமா, 18 லட்சம் கடன் வாங்கியாவது எம்.பி.ஏ.வில் சேர்த்துவிடு" என்கிறார் மைத்துனர் என்று எழுதியிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் அந்த 18 லட்சக் கடனுக்கு மாதத் தவணை கட்டப்போவது மைத்துனர் அல்ல. பிடிக்காத படிப்புக்குக் கடன் வாங்காதீர்கள்.

அவள் செய்வது பொழுதுபோக்கும் அல்ல. 2010-இல் ஆண்ட்ரூ டாலன் என்ற கலை வரலாற்றாளர் பாரிஸின் நோத்ர்தாம் பேராலயத்தை லேசரால் அளந்து, நூறு கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளாகச் சேமித்தார். 2019-இல் கூரை எரிந்தபோது அவர் உயிரோடு இல்லை. சீரமைப்புக்கு அந்த அளவுகள் இருந்தன.

உங்கள் மகளுக்கு லேசர் ஸ்கேனர் இப்போது தேவையில்லை, கேமரா போதும். ஒரே ஒரு மண்டபத்தூணை ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள். 15 டிகிரிக்கு ஒரு படம், சுற்றுக்கு 24. மூன்று உயரங்களில் 72. அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதமாவது ஒன்றன்மேல் ஒன்று விழ வேண்டும். ஜூம் மாறக் கூடாது, பிளாஷ் கூடாது. தூணருகே ஒரு மீட்டர் அளவுகோல் வைக்க மறந்தால் உருவம் வரும், அளவு வராது. எண்ணெய் ஏறிப் பளபளக்கும் கருங்கல்லும் வெள்ளையடித்த சுவரும் மென்பொருளை ஏமாற்றும். படங்களை ஒன்றோடொன்று பொருத்தப் பிடிமானப் புள்ளி கிடைக்காமல் பரப்பு குழிவிழும். தூணின் தலைப்பகுதியான போதிகைக்கு அடியில் இருட்டு, அங்கே டிரைபாட் வேண்டும். மத்தியத் தொல்லியல் துறையின் கட்டடமென்றால் டிரைபாடுக்கும் முன்அனுமதி வாங்கணும். கடைசியில் டேப் பிடித்துத் தூணின் பக்க அளவைச் சரிபார்க்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான்.

படங்களிலிருந்து உருவம் செய்யும் மெஷ்ரூம், அந்த உருவத்தை அளந்து ஒப்பிடும் கிளவுட்கம்பேர், இரண்டு மென்பொருளும் இலவசம். மெஷ்ரூமை முழுதாக ஓட்ட என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேண்டும், செலவு அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. மென்பொருள் மட்டும் தெரிந்தவருக்குக் கிடைப்பது பாயிண்ட் கிளவுடில், அதாவது அளந்த புள்ளிகளின் தொகுப்பில், குப்பை துடைக்கும் வேலை. சுண்ணாம்புச் சாந்து எது, பிற்காலச் சிமென்ட் பூச்சு எது, விரிசல் ஏன் அந்த இணைப்பில் ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்தவரைத்தான் ஆய்வுக்குக் கூப்பிடுவார்கள். அதற்கு டெல்லி, போபாலில் உள்ள எஸ்.பி.ஏ. எனும் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனங்களில் கட்டடப் பாதுகாப்பில் எம்.ஆர்க். இருக்கிறது. அதற்கான நுழைவுத் தேர்வான கேட்டில் (GATE) ஏ.ஆர். எனும் கட்டடக்கலைத் தாளை நான்காம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும்.

தொடக்கச் சம்பளம் ஐ.டி.யைவிடக் குறைவு, அதை மறைக்க மாட்டேன். கடன் இல்லாதவளுக்கு அது தாங்கும். தவணை கட்டுகிறவளுக்குத் தாங்காது.