கவிஞரின் நோட்டுகள் யாருக்குப் போகும்?

கேள்வி: நானும் என் தோழியும் முப்பது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறோம். இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர் கவிஞர். வீடு அவர் பெயரில். வங்கிக் கணக்குக்கு நான் நாமினி. அச்சேறாத கவிதைகள் நோட்டு நோட்டாகக் கிடக்கின்றன. பலவற்றை நான்தான் படியெடுத்தேன். அவருடைய பெற்றோரும் ஒரே அண்ணனும் காலமாகிவிட்டார்கள். அண்ணனுக்கு இரண்டு மகன்கள். அவருக்குப் பிறகு எனக்கு என்ன உரிமை?

பதில்: அம்மா, உயில் எழுதாவிட்டால் எதுவும் இல்லை. இதைச் சொல்லவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவர் இந்து என்றால் 1956 வாரிசுரிமைச் சட்டப்படி எல்லாம் அண்ணன் மகன்களுக்குப் போகும். எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தீர்கள், யார் மருந்து கொடுத்தீர்கள் என்று சட்டம் கேட்காது. ஒரே பாலினத்தவர் திருமணத்துக்கு 2023-இல் உச்ச நீதிமன்றம் அங்கீகாரம் தரவில்லை. அந்த வழியும் இப்போது அடைபட்டிருக்கிறது. நாமினி என்பவரும் பணத்தை வாங்கி வாரிசுகளிடம் ஒப்படைக்க வேண்டியவர்தான்.

ஆனால் உயில் எழுத உறவு எதுவும் தேவையில்லை. தாமே சம்பாதித்த வீட்டை அவர் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

நோட்டுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. படியெடுத்ததால் உங்களுக்குப் பதிப்புரிமை வராது. ஆனால் அச்சேறாத ஒரு படைப்பின் கையெழுத்துப் பிரதியை உயிலில் ஒருவருக்கு எழுதிவைத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை அதன் பதிப்புரிமையும் அவருக்கே சேரும். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு இது. அவர் காலத்துக்குப் பிறகு முதல்முறை வெளிவரும் கவிதைகளுக்கு, வெளிவந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் உரிமை உண்டு. அதனால் 'என் உடைமைகள் யாவும்' என்று பொதுவாக எழுதி முடித்துவிடாதீர்கள். 'நீல அட்டை நோட்டு, 1994 முதல் 1997 வரையிலான கவிதைகள்' என்பதுபோல ஒவ்வொன்றையும் குறிப்பிடச் சொல்லுங்கள். அச்சான நூல்களின் உரிமையைத் தனி வரியில் எழுதட்டும். பதிப்பக ஒப்பந்தங்களையும் எடுத்துப் பாருங்கள். கால அளவு குறிப்பிடாமல் உரிமை கொடுத்திருந்தால் சட்டம் அதை 5 ஆண்டு என்றே கொள்ளும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கட்டாயம். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடாதீர்கள். பதிவு கட்டாயமில்லை. ஆனாலும் அண்ணன் மகன்கள் பின்னால் வழக்குப் போடக்கூடும் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வதே நல்லது. அவர் சுயநினைவோடு இருந்தார் என்று டாக்டரிடம் அதே நாளில் ஒரு சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், நீங்களும் அவருக்கு ஒரு உயில் எழுதிவையுங்கள். யார் முந்துவார் என்று யாருக்குத் தெரியும்?