போனவர்கள் திரும்பி வந்து சொன்னார்களா?

அன்புள்ள ஐயா,

மதுரையில் அரசியல் அறிவியல் முதுகலை படிக்கிறேன். சொந்த ஊர் கொடைக்கானல் மலையில் உள்ள பூம்பாறை. உலக ஆளுகையை, அதாவது நாடுகள் கூடி உலகத்துக்கே விதி வகுக்கும் முறையை, குடிமைச் சமூக அமைப்புகளால் (அரசு சாராத மக்கள் அமைப்புகளால்) ஜனநாயகமாக்க முடியுமா என்பது என் ஆய்வுத் தலைப்பு. படிக்கப் படிக்கச் சலிப்புதான் மிஞ்சுகிறது. ஐ.நா. கூட்டங்களுக்குப் போகும் அமைப்புகளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பல அமைப்புகள் வெளிநாட்டுப் பணத்தில் நடக்கின்றன. அங்கே அவர்களுக்கு ஓட்டும் கிடையாது. உலக நாடாளுமன்றம் ஒன்று வந்தால்தான் வழி பிறக்குமா? எப்படிப் பார்த்தாலும் நம் மலையில் இருப்பவர்களுக்கு இதில் இடமே இல்லை என்று தோன்றுகிறது. உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பூம்பாறையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொஞ்ச நாளாக என் மனதில் ஓடிக்கொண்டிருப்பதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் உடனே எழுதுகிறேன்.

உலக நாடாளுமன்றம் நல்ல ஆசை. என் காலத்தில் வராது, அதை விட்டுவிடுவோம். பணம் எங்கிருந்து வருகிறது என்பது நியாயமான கேள்வி. கணக்கைக் கேளுங்கள், காட்டாதவரை நம்பாதீர்கள். தேர்ந்தெடுக்கப்படாதவர்கள் என்கிறீர்கள். சரி, அங்கே நம் பெயரில் பேசும் அதிகாரியை நீங்களும் நானும் ஓட்டுப்போட்டா அனுப்பினோம்? எந்த அமைப்புக்கு ஐ.நா.வில் ஆலோசனை அந்தஸ்து, அதாவது கூட்டங்களில் கலந்துகொண்டு பேசும் அனுமதி, தரலாம் என்று பரிந்துரைப்பது 19 நாடுகள் கொண்ட ஒரு குழு. தலித் உரிமைகளுக்கான சர்வதேச வலையமைப்பு ஒன்றின் விண்ணப்பத்தை நம் அரசு கேள்வி மேல் கேள்வி கேட்டே 15 ஆண்டுகள் தள்ளிப்போட்டது. 2022 டிசம்பரில்தான் அந்தஸ்து கிடைத்தது. வாசலைப் பூட்டி வைத்திருப்பவர்களைக் கேட்காமல், வெளியே நிற்பவரிடம் உன்னை யார் அனுப்பியது என்று கேட்பது என்ன நியாயம்?

என்னைக் கோபப்படுத்தியது உங்கள் கடைசி வரி. மலைக்கு இடமே இல்லையாம். பூம்பாறையில் பிறந்தவர் இப்படி எழுதலாமா? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையை மறந்துவிட்டீர்களா? அமெரிக்காவில் ஓடிக்கொண்டிருந்த ஆலை அது. 1980களில் அங்கிருந்து பெயர்த்து இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பாம்பார் சோலைக்கு மேலே, தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிற இடத்தில், பாதரசத்தோடு வந்து உட்கார்ந்தது. உலகம் அன்றைக்கே நம் மலைக்கு வந்துவிட்டது, தம்பி. நம்மிடம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

2001இல் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக்கடையில் பாதரசத்தோடு உடைந்த தெர்மாமீட்டர்கள் சாக்குகளில் கிடந்ததைப் பார்த்து ஊரைக் கூட்டியவர்கள் யார்? இங்கே இருந்தவர்கள்தான். வெளியூர் அமைப்புகளும் கூட நின்றன. அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே போனது. பழைய தொழிலாளிகள் விடாமல் போராடி 2016இல்தான் ஆலையை நடத்திய நிறுவனத்தோடு உடன்பாடு கண்டார்கள்.

இனி உலக மன்றத்துக்கு வருகிறேன். பாதரசத்துக்கென்று ஒரு சர்வதேச ஒப்பந்தம் வேண்டும் என்று 2009இல் முடிவானது. 2010 முதல் 2013 வரை ஐந்து சுற்றுப் பேச்சு நடந்தது. 2013 அக்டோபரில் ஜப்பானின் குமமோட்டோவில் மினமாட்டா ஒப்பந்தம் நிறைவேறியது. இந்தியா 2018இல் சேர்ந்தது. கொடைக்கானலால்தான் அது வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் பல நாடுகளிலிருந்து விடாமல் தட்டியதால்தான் அந்தக் கதவு திறந்தது. பாதரச நஞ்சால் வரும் மினமாட்டா நோய்க்குக் கருவிலேயே ஆளான ஜப்பானியப் பெண் ஷினோபு சகமோட்டோ 1972இல் சிறுமியாக ஸ்டாக்ஹோம் ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டுக்குப் போனார். 2017இல் ஒப்பந்த நாடுகள் ஜெனீவாவில் முதன்முறை கூடியபோது அங்கும் வந்து பேசினார். இடையில் 45 வருடங்கள். உங்களுக்கு முதுகலை முடிவதற்குள்ளேயே சலிப்பு வந்துவிட்டது.

என் வீட்டுக்கு இரண்டு வளைவு கீழே ஒரு பெரியவர் இருக்கிறார். அந்த ஆலையில் வேலை பார்த்தவர். மினமாட்டா ஒப்பந்தச் செய்தி வந்த பேப்பரோடு அவர் வீட்டுக்குப் போனேன். காய்ந்த பூண்டின் தாளைக் கிள்ளிக் கிள்ளிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். “படிங்க” என்றார். படித்தேன். கை நிற்கவே இல்லை. முடித்ததும் கேட்டார்: “நம்ம மண்ணைப் பத்தி அதுல ஏதாவது எழுதியிருக்கா?”

எழுதியிருக்கிறது. பாதரசத் தெர்மாமீட்டரை 2020க்குப் பிறகு தயாரிக்கவோ, ஏற்றுமதி இறக்குமதி செய்யவோ கூடாது என்று ஆண்டு குறித்திருக்கிறார்கள். கேட்கிற நாட்டுக்கு அவகாசம் உண்டு. பாதரசத்தால் கெட்டுப்போன நிலத்துக்கு ஒப்பந்தத்தின் 12ஆம் பிரிவு. அதில் ஆண்டு கிடையாது. அப்படிப்பட்ட இடங்களைக் கண்டறிய வழிமுறை வகுக்க நாடுகள் முயல வேண்டும், அவ்வளவுதான். தேடிப் படித்து இதைச் சொன்னபோது பெரியவர், “பொருளுக்குத் தேதி போட்டவங்க மண்ணுக்கு ஏன் போடலை?” என்றார்.

இந்தக் கேள்வியை உங்கள் ஆய்வில் நட்டநடுவில் வையுங்கள். எந்தச் சுற்றில் 12ஆம் பிரிவின் வாசகம் தளர்ந்தது, எந்த நாடு மறுத்தது, அமைப்புகளில் யார் கடைசிவரை நின்றார்கள், யார் போதும் என்று விட்டுக்கொடுத்தார்கள்? அந்த அறைகளில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். இந்த மலையேறி வந்து அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னவர் ஒருவரும் இல்லை. இங்கிருந்து எடுத்த புகைப்படங்கள் மட்டும் எங்கெங்கோ அரங்கச் சுவர்களில் ஏறின. எனக்குக் குடிமைச் சமூகத்தின் மேல் உள்ள ஆத்திரம் இதுதான். ஓட்டு இல்லாவிட்டால் பரவாயில்லை. யார் பெயரைச் சொல்லி உள்ளே போனார்களோ, அவரிடம் திரும்பி வந்து, கிடைத்தது இது, கிடைக்காதது இது என்று சொல்லியே ஆக வேண்டும். அப்படிச் சொன்னால்தான் அவரும், “இதுக்கு ஒத்துக்கிட்டது தப்பு” என்று முகத்துக்கு நேரே கேட்க முடியும். கிராமசபையில் வந்து சொல்லட்டுமே. அக்டோபர் 2க்கு மன்னவனூரிலும் வில்பட்டியிலும் கூடுகிறவர்களுக்குப் புரியாதா என்ன? வெங்காய விலை ஏன் விழுந்தது என்று புரிகிறவர்களுக்கு இதுவும் புரியும்.

ஐந்து சுற்றின் அறிக்கைகளும் பொதுவில் கிடைக்கின்றன. கோட்பாட்டு நூல்களைக் கொஞ்ச நாள் மூடி வைத்துவிட்டு அவற்றைப் படியுங்கள். 12ஆம் பிரிவு எங்கே எப்படி மாறியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருவீர்கள் அல்லவா? என் வீட்டுக்கு வாருங்கள், அப்புறம் கீழே போவோம். பெரியவருக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும்.