கேளுங்கோ, சொல்லுறம்: 14,000 வேக எஸ்எஸ்டி உங்கட மெஷினுக்குத் தேவையா?

இந்தமுறை வந்த கேள்வியில பாதிக்கு மேல எஸ்எஸ்டி, அதாவது ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாப் போடுற கெதியான சேமிப்பு டிஸ்க், பற்றித்தான், அதால மற்றதுகளை அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் பாப்பம்.

கேள்வி: அண்ணா, என்னட்ட ரைசன் 5 5600, பி450 மதர்போர்ட், 16 ஜீபீ ரம் இருக்கு. இப்ப இருக்கிற 240 ஜீபீ சாட்டா எஸ்எஸ்டி நிரம்பிட்டுது. சாம்சுங் 9100 ப்ரோ, டபிள்யூடி பிளாக் எஸ்என்8100, சாம்சுங் 990 ப்ரோ இந்த மூண்டில எது நல்ல கெதி? கேமும் கம்பஸ் வேலையும்தான். கொஞ்சக் காசு சேர்த்து வச்சிருக்கிறன்.
– வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, காசைப் பொக்கற்றிலயே வச்சிட்டு முதல்ல போர்டைப் பாருங்கோ. கெதி எது எண்டு மட்டும் கேட்டா எஸ்என்8100தான், வாசிக்கிற வேகம் செக்கனுக்கு 14,900 எம்பீ எண்டு கொம்பனி சொல்லுது, 9100 ப்ரோ 1 டீபீக்கு 14,700, ரெண்டும் 2025 இல வந்த பிசிஐஈ ஜென் 5, அதாவது எஸ்எஸ்டிக்கும் போர்டுக்கும் நடுவில தரவு போற பாதையின்ட அஞ்சாம் தலைமுறை. 990 ப்ரோ 2022 இல வந்த ஜென் 4, அது 7,450. ஆனா உங்கட பி450 இல எஸ்எஸ்டி குத்துற எம்.2 ஸ்லொட் ஜென் 3. அதில எதைக் குத்தினாலும் 3,500 ஐ ஒட்டித்தான் ஓடும், பழுதாகாது, வேலை செய்யும், ஆனா நீங்கள் 14,900 க்குக் காசு குடுத்து 3,500 ஐ வீட்டுக்குக் கொண்டு போறீங்கள். கொம்பியூட்டர் கடைகள் நிறைஞ்ச யூனிட்டி பிளாசாவில ஏறி இறங்கினா பத்தில ஒரு கடையிலயாவது உங்கட போர்ட் என்னெண்டு கேட்காமலே பெட்டியைத் தூக்கித் தருவினம், அவையளைக் குறை சொல்லி வேலையில்ல, நாங்கள்தான் கேட்டு வாங்கோணும்.

சரி, புது போர்ட் இருக்கிற ஆளுக்கு எண்டாலும் அந்த 14,000 என்ன செய்யும்? அது பெரிய ஃபைல் ஒண்டை ஒரே இழுவையா வாசிக்கிற வேகம். புறக்கோட்டையில மொத்தக் கடையில மூட்டை மூட்டையா லொறியில ஏத்துற மாதிரி. ஆனா விண்டோஸ் எழும்புறது, குரோம் திறக்கிறது, கேம் லோட் ஆகிறது எல்லாம் சின்னச் சின்ன 4 கேபீ துண்டுகள், ஒண்டு வந்தாப் பிறகுதான் மற்றதைக் கேட்கும். அந்த வேலையை அளந்து பாத்தா சாம்சுங் 870 ஈவோ எண்ட சாதாரண சாட்டா (பழைய, வேகம் குறைஞ்ச இணைப்பு) எஸ்எஸ்டி செக்கனுக்கு 13,000 தரம் குடுக்கும், அதாவது 50 எம்பீ சொச்சம். 990 ப்ரோ 22,000 தரம், 90 எம்பீ. ஜென் 5 இல நல்லதுகள் எண்டாலும் நூறைச் சுத்தித்தான் நிக்குது. பெட்டியில சாட்டாவின்ட 550 இல இருந்து 14,900 க்குப் பாய்ஞ்ச நம்பர் உங்கட மேசையில ரெண்டு மடங்குதான் கூடுது, அதையும் சிபியு ஃபைலை விரிச்செடுக்கிற நேரம் பாதி தின்னுடும். அதுதான் கேம் லோடிங்கில ஜென் 3 க்கும் ஜென் 5 க்கும் ஒரு செக்கன், ரெண்டு செக்கன் வித்தியாசத்துக்கு மேல காணுறது கஷ்டம். கேம் ஃபைலை எஸ்எஸ்டியில இருந்து கெதியா எடுக்க டைரக்ட்ஸ்டோரேஜ் எண்டு மைக்ரோசொஃப்ட் கொண்டு வந்தது இதை மாத்தும் எண்டு சொன்னவை, அதை ஒழுங்காப் பாவிக்கிற கேம் இன்னும் விரல் விட்டு எண்ணலாம்.

உங்களுக்கு நான் சொல்லுறது, நடுத்தர விலையில ஒரு ஜென் 4, 1 டீபீக்குக் குறையாம, டிஎல்சி (உள்ளுக்க இருக்கிற சிப்பின்ட வகை, கீழ சொல்லுறன்) எண்டு எழுதினதாப் பாத்து வாங்குங்கோ. இண்டைக்கு 3,500 இல ஓடட்டும், நாளைக்கு போர்ட் மாத்தினா அதே எஸ்எஸ்டி முழு வேகத்தில ஓடும். மிச்சக் காசுக்கு ரம்மைக் கூட்டுங்கோ, விலை ஏறினாலும். 2025 கடைசியில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரர் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போறதால ரம்மும் எஸ்எஸ்டியும் சேர்ந்து ஏறுது, இங்க 18 வீத வற் வேற. குறையும் எண்டு காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்ல.

டிஎல்சி எண்டு ஏன் அழுத்திச் சொல்லுறன் எண்டா, டிஎல்சியில ஒரு செல்லுக்கு (தரவைப் பிடிச்சு வைக்கிற சின்ன அறை) 3 பிட், கியூஎல்சியில 4. நாலாவது பிட்டை நெருக்கி எழுதுறதுக்கு நேரம் எடுக்கும். அதை மறைக்கத்தான் முன்னால கொஞ்ச இடத்தைக் கெதியான தற்காலிக இடமா, கேஷா வச்சிருக்கினம், அது நிரம்பும் மட்டும் பறக்கும், நிரம்பினாப் பிறகு மலிவான கியூஎல்சி ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிடும். டிஸ்க் முக்கால்வாசி நிரம்பி இருந்தா கேஷும் சின்னனாகும், அதால எப்பவும் ஒரு கால்வாசியாவது வெறுமையா விடுங்கோ. உள்ளுக்க என்ன சிப் எண்டு பெட்டியிலயும் இல்ல, கொம்பனி தளத்திலயும் இல்லை எண்டா அந்த மொடலை விட்டிடுங்கோ.

ஜென் 5 ஸ்லொட் உள்ள போர்ட் வச்சிருக்கிறவைக்கு ஒரு வரி. முதல் வந்த ஜென் 5 எஸ்எஸ்டிகள், உதாரணத்துக்கு 2024 இல வந்த குரூஷியல் டி705, பைசன் ஈ26 எண்ட 12 நானோமீட்டர் கன்ட்ரோலரில (எஸ்எஸ்டியை இயக்கிற சிப்) ஓடுது, நல்லா சூடு ஏறும், சூட்டை இறக்கிற பெரிய ஹீட்சிங்க் இல்லாம போடவே கூடாது. எஸ்என்8100 இல 6 நானோமீட்டர் கன்ட்ரோலர், கரண்டும் குறைய இழுக்கும், சூடும் குறைவு. ஏசி இல்லாத கொழும்பு அறையில மத்தியானம் 30 பாகைக்கு மேல, அதில கேஸுக்குள்ள கிராபிக்ஸ் கார்ட்டுக்கு அடியில எஸ்எஸ்டி கிடந்தா 80 பாகையைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைச்சிடும். இன்னொண்டு, இன்டெல் இசட்690, இசட்790 போர்ட் கனக்கில ஜென் 5 எம்.2 ஸ்லொட்டில எஸ்எஸ்டி போட்டா கிராபிக்ஸ் கார்ட்டின்ட 16 லேன் (தரவு போற பாதை) 8 ஆப் போயிடும், மனுவலை ஒருக்கா வாசியுங்கோ. குரூஷியல் வாங்கிறவைக்கும் ஒண்டு, மைக்ரோன் 2025 டிசம்பரில அந்தப் பேரில சில்லறை வியாபாரத்தை நிப்பாட்டுறம் எண்டு அறிவிச்சிட்டுது, வொரன்டி தொடரும் எண்டுதான் சொன்னது, எண்டாலும் இங்க ஆர் பொறுப்பு எண்டு கடையில கேட்டு பில்லில எழுதி வாங்குங்கோ.

கேள்வி: மகளின்ட லெப்டொப் பழசு, ஐ5 ஆறாம் ஜெனரேஷன், 4 ஜீபீ ரம். ஒன் பண்ணிட்டுத் தேத்தண்ணி போட்டுக் குடிச்சிட்டு வரலாம், அவ்வளவு நேரம். கடையில ஜென் 4 என்விஎம்ஈ போடச் சொல்லுறாங்கள். போடலாமோ?
– கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: அம்மா, அந்த வயசு லெப்டொப் கனக்கில என்விஎம்ஈ, அதாவது மேல சொன்ன பிசிஐஈ எஸ்எஸ்டி, போடுற ஸ்லொட்டே இல்லை. சிலதில எம்.2 ஸ்லொட் இருக்கும், ஆனா அது சாட்டா மட்டும்தான் எடுக்கும், பாக்க ஒரே மாதிரி இருக்கிறதால கடைக்காரரே ஏமாறுவினம். அடியில உள்ள மூடியைக் கழட்டி உங்கட கண்ணுக்கு முன்னால ஸ்லொட்டைக் காட்டச் சொல்லுங்கோ. ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில 2.5 இஞ்சி சாட்டா எஸ்எஸ்டி, 500 ஜீபீ போதும், கூட இன்னொரு 4 ஜீபீ ரம். உண்மையைச் சொன்னா இந்தப் பக்கத்தில எழுதின எல்லாரையும் விட உங்களுக்குத்தான் வித்தியாசம் கூடத் தெரியப் போகுது, ஏனெண்டா மேல சொன்ன சின்னத் துண்டு வேலையில பழைய ஹார்ட் டிஸ்க் செக்கனுக்கு 1 எம்பீ குடுக்கவே மூச்சு வாங்கும், சாட்டா எஸ்எஸ்டி 50. விண்டோஸ் 10 க்கு 2025 ஒக்டோபர் 14 ஓட வழக்கமான பாதுகாப்பு அப்டேட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 இந்த ப்ரொசெசரை ஏற்காது, அதால படிக்கவும் இன்டர்நெட் பாக்கவும் மட்டும் எண்டா விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் மின்ட் எண்ட இலவச இயங்குதளம் போட்டுக் குடுக்கச் சொல்லுங்கோ. பழைய டிஸ்கைக் கடையில விட்டிட்டு வராதேங்கோ, பிள்ளையின்ட படமெல்லாம் அதுக்குள்ள.

கேள்வி: கல்யாண வீடியோ எடுக்கிறம், 4கே. கார்டில இருந்து கொப்பி பண்ணவே அரை நாள் போகுது. ஜென் 5 போட்டா சரியாகுமா?
– தெஹிவளை வாசகர்

பதில்: ஆகாது. யூஎச்எஸ்-1 (மெமரி கார்ட்டின்ட வேக வகை) கார்ட் எண்டா சாதாரண ரீடரில கார்ட்டே செக்கனுக்கு 90, 100 எம்பீக்கு மேல தராது, அங்கால 14,000 இருந்தா என்ன, 500 இருந்தா என்ன. முதல்ல கார்ட்டையும் ரீடரையும் மாத்துங்கோ, யூஎச்எஸ்-2 கார்ட்டும் அதுக்கேத்த ரீடரும் எண்டா ரெண்டு மடங்குக்கு மேல கிடைக்கும், ஆனா உங்கட கமராவும் யூஎச்எஸ்-2 எடுக்குதோ எண்டு பாத்திட்டு வாங்குங்கோ, இல்லாட்டி ரெக்கோர்ட் பண்ணேக்க பழைய வேகம்தான். எடிட்டிங்கும் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்ல. கமரா 100 மெகாபிட்டில எடுத்தா அது செக்கனுக்கு 12.5 எம்பீ, தாலி கட்டுற நேரம் அஞ்சு கமரா ஒண்டா ஓடினாலும் 63 எம்பீக்குள்ள, அதைச் சாட்டா எஸ்எஸ்டியே குடுக்கும். டைம்லைன் இழுபடுது எண்டா அது டிஸ்க் இல்ல, கோடெக்கை, அதாவது சுருக்கி வச்ச வீடியோவை, விரிக்கிற ப்ரொசெசரோ கிராபிக்ஸோதான். உங்கட தொழிலுக்கு ஒரு பெரிய ஜென் 5 ஐ விட ரெண்டு ஜென் 4 நல்லம், ஒண்டில விண்டோஸும் கேஷும், மற்றதில ஃபுட்டேஜ். ரோ (கமரா பிடிச்ச தரவை அப்படியே வைக்கிற வகை) எடுக்கிறவை, 8கே எடுக்கிறவை, நாளுக்கு நாலு தரம் நூற்றுக்கணக்கான ஜீபீயை டிஸ்குக்கு டிஸ்க் மாத்துறவை, அவைக்குத்தான் ஜென் 5 காசு.

கேள்வி: எஸ்எஸ்டியை மாசத்துக்கு ஒருக்கா டிஃப்ராக் பண்ணலாமா?

பதில்: வேண்டாம். விண்டோஸ் தானே ட்ரிம் (அழிச்ச ஃபைலின்ட இடத்தைத் துப்புரவாக்கிறது) செய்யும், நீங்கள் கை வைக்காதேங்கோ. தேய்ஞ்சிடும் எண்டு பயந்தும் இருக்காதேங்கோ, 1 டீபீ 990 ப்ரோவுக்கு 600 டீபீ எழுதலாம் எண்டு கொம்பனி பொறுப்பு எடுக்குது, நாளுக்கு 50 ஜீபீ எழுதினாலும் 32 வருஷம் போகும், வொரன்டி அதுக்கு முதலே 5 வருஷத்தில முடிஞ்சிடும்.

கேள்வி: பழைய குடும்பப் படங்களை எல்லாம் ஸ்கேன் பண்ணி ஒரு எஸ்எஸ்டியில போட்டு அலுமாரியில பூட்டி வைக்கப் போறன், சரிதானே?
– பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: ஐயா, அதுக்கு எஸ்எஸ்டி சரிப்படாது. செல்லுக்குள்ள பிடிச்சு வச்சிருக்கிற சார்ஜ் கரண்ட் இல்லாம கிடந்தா மெல்ல மெல்லக் கசியும், வெக்கை கூடினா இன்னும் கெதி. ஜெடெக் எண்ட தர அமைப்பு வீட்டுப் பாவனை எஸ்எஸ்டிக்கு வைக்கிற அளவுகோல், எழுதி எழுதி ஆயுள் முடிஞ்ச பிறகும் 30 பாகையில ஒரு வருஷம் தரவைப் பிடிச்சிருக்கோணும் எண்டது. புது டிஸ்க் அதை விடக் கன காலம் தாங்கும்தான், ஆனா பூட்டி வச்சு மறந்து போற பொருளுக்கு அந்த நம்பிக்கை காணாது. ரெண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கோ, ஒண்டு உங்களிட்ட, ஒண்டு மகன் வீட்டில. எஸ்எஸ்டிதான் இருக்கு எண்டா சில மாசத்துக்கு ஒருக்கா எடுத்துக் குத்தி, படங்கள் திறக்குதோ எண்டு பாருங்கோ.

கேள்வி: ஒன்லைனில 16 டீபீ எக்ஸ்டேர்னல் எஸ்எஸ்டி, ஒரு நல்ல 500 ஜீபீ விலைக்கு. நண்பன் வாங்கிட்டான், கொம்பியூட்டரும் 16 டீபீ எண்டுதான் காட்டுது. நானும் எடுக்கவோ?
– மட்டக்குளி வாசகர்

பதில்: எடுக்காதேங்கோ. கொம்பியூட்டர் காட்டுறது உள்ளுக்க இருக்கிற கன்ட்ரோலர் சொல்லுற பொய். திறந்து பாத்தா பசை போட்டு ஒட்டின சின்ன மெமரி கார்ட் ஒண்டு கிடக்கும். நண்பனை எச்2டெஸ்ட்டபிள்யூ எண்ட இலவச ப்ரோக்ராமைப் போட்டு முழுக்க எழுதி வாசிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ, உண்மையா இருக்கிற இடம் தாண்டினதும் அந்த டிஸ்க் பழைய ஃபைல் மேலயே எழுதி நாசமாக்கும். அதுக்குள்ள ஏற்கெனவே ஏதும் போட்டிருந்தா டெஸ்டுக்கு முதல் வேற இடத்துக்கு மாத்தச் சொல்லுங்கோ, பிறகு ரிட்டேர்ன் நாள் முடியிறதுக்குள்ள ஸ்கிரீன்ஷொட்டோட காசைத் திருப்பிக் கேட்கட்டும்.