பிள்ளைகளின் பைபோலார்: பெற்றோர் கேட்டவை

என் மகனுக்கு 9 வயது. செல்போனைப் பிடுங்கினால் கையில் கிடைத்ததை எறிகிறான், பத்து நிமிடத்தில் சிரிக்கிறான். இது பைபோலாரா, டாக்டர்?

நீங்கள் சொல்வதை மட்டும் வைத்து அப்படி முடிவுகட்ட முடியாது. பைபோலார் என்பது மிகை உற்சாகமும் மனச்சோர்வும் வந்து வந்து போகும் மனநோய். அதில் மனநிலை மாறினால் நாள்கணக்கில் நிற்கும். ‘மேனியா’ (அளவுமீறிய உற்சாகம் அல்லது எரிச்சல்) என்று சொல்ல, நாளின் பெரும்பகுதி அதே நிலை, குறைந்தது 7 நாட்கள் நீடிக்க வேண்டும். (மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு முற்றிவிட்டால் நாட்களை எண்ணுவதில்லை.)

நான் முதலில் கேட்பது தூக்கத்தைத்தான். போன் பார்த்து விழித்திருந்து வகுப்பில் தூங்கி வழிவது வேறு. மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே தெரியாமல், பேச்சை நிறுத்தாமல், ‘இந்தப் பள்ளிக்கே நான்தான் பாடம் எடுக்கணும்’ என்று பிள்ளை வேறு ஆளாகத் தெரிந்தால் தாமதிக்காதீர்கள். வருடக்கணக்கில் எரிச்சலும் வெடிப்புமாக இருந்த குழந்தைகளுக்கு ஒரு காலத்தில் அமெரிக்காவில் தாராளமாகப் பைபோலார் முத்திரை குத்தினார்கள். அதைத் தடுக்கவே 2013-இல் அந்நிலைக்குத் தனிப்பெயர் வைத்தார்கள். உங்கள் மகனுக்கும் அந்த முத்திரை அவசரமாக விழக்கூடாது.

16 வயது மகள். மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி இரண்டு வாரம். இப்போது தூங்குவதில்லை, ஓயாத பேச்சு, ஆன்லைனில் கண்டதையும் வாங்குகிறாள். குணமாகிவிட்டாளா?

இல்லை அம்மா, இன்றே அவளுடைய டாக்டரை அழையுங்கள். அடுத்த வேளை மாத்திரை தருவதா என்பதையும் அவரிடமே கேளுங்கள். பதின்வயதில் பைபோலார் பெரும்பாலும் மனச்சோர்வாகத்தான் தலைகாட்டும். அந்த மாத்திரையே சிலருக்கு மேனியாவைக் கிளப்பிவிடும். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண் 14416-இல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும்.

மகனுக்கு லித்தியம் எழுதியிருக்கிறார்கள். கிட்னி போய்விடும் என்கிறார்களே?

பயத்தில் நிறுத்திவிடாதீர்கள். 1949 முதல் மேனியாவுக்குப் பயன்படும் மருந்து. ஆனால் கண்காணிப்பு கறாராக வேண்டும். ரத்தத்தில் அதன் அளவு, சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் டாக்டர் சொன்ன தேதியில் பாருங்கள். வாந்தி, வயிற்றுப்போக்கு, வெயிலில் விளையாடி உடல் வறண்டால் அளவு ஏறிவிடும். உப்பைத் திடீரென்று குறைத்தாலும் அப்படித்தான். காய்ச்சல், வலிக்குக் கடையில் ஐபுபுரூஃபன் வாங்கித் தராதீர்கள். கை பலமாக நடுங்கி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் உடனே அவசர சிகிச்சைக்கு ஓடுங்கள்.

கணவருக்குப் பைபோலார். பிள்ளைகளுக்கும் வருமா?

வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. பிள்ளைக்கு எந்த மனநல மருத்துவரைப் பார்த்தாலும் அப்பாவின் நோயை முதல் நாளே சொல்லிவிடுங்கள். மருந்தின் தேர்வே அதனால் மாறும்.