உப்பளத்துக்கு வர 140 பக்கமா?

கேள்வி: அம்மா, வணக்கம். தூத்துக்குடி வட்டார உப்பளத் தொழிலாளர் பாடல்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நாலு வருஷம் ஆகிவிட்டது. 62 பாடல்களும் 40 பேரின் நேர்காணலும் கையில் இருக்கின்றன. இயல் பகுப்பு இதுதான்: இலக்கியங்களில் உப்பு, தூத்துக்குடி மாவட்ட அறிமுகம், தொழிலாளர் வாழ்வியல், பாடல்களின் வகைப்பாடு, பாடல்களில் சமுதாயம். முதல் இரண்டு இயல்களை எழுதிக் கொடுத்தேன், 140 பக்கம். நெறியாளர் ‘கட்டமைப்பு சரியில்லை’ என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்துவிட்டார். எது சரியில்லை? உள்ளடக்கப் பக்கத்தையும் மூன்றாம் இயலுக்கான குறிப்புகளையும் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம் என்ற வாசகி, தூத்துக்குடி

பதில்: எது சரியில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம் உங்கள் நெறியாளர். ஆனால் அவர் சொன்னது நியாயம்தான்.

உள்ளடக்கப் பக்கத்தைப் பார்த்தேன். சங்க காலத்து உப்பு வணிகர்களான உமணர் வண்டி கட்டிக்கொண்டு போகிறார்கள். பின்னாலேயே பாண்டியர், போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என்று வரிசை கட்டி வருகிறார்கள். 1986-இல் மாவட்டம் பிரிந்தது, மழையளவு, வட்டங்களின் பட்டியல் எல்லாம் இருக்கின்றன. உப்பு வாரும் வாருபலகை பிடித்த ஓர் ஆளைப் பார்க்க நான் 141-ஆம் பக்கம் வரை நடக்க வேண்டும்.

நானும் இதே தப்பைச் செய்தவள்தான். 1987-இல் ஒப்பாரி பற்றி ஆய்வேடு கொடுத்தேன். முதல் இயல், இறந்தவரை எண்ணி இரங்கும் பழைய கையறுநிலைப் பாடல்களில் தொடங்கி 70 பக்கம் ஓடியது. வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று புறத்தேர்வாளர் அந்த 70 பக்கத்தையும் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, “இதைக் கிழித்துப் போட்டால் உங்கள் முடிவுரையில் எந்த வரி அடிபடும்?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஒரு வரியும் அடிபடாது. பட்டம் கொடுத்துவிட்டார்கள், அது வேறு கதை. அந்த 70 பக்கத்துக்குத் தட்டச்சுக்காரரிடம் கொடுத்த காசை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

அந்தக் கேள்வியை உங்கள் ஐந்து இயல்களிடமும் கேட்டுப் பாருங்கள். முதல் இரண்டும் நிற்காது. மாவட்ட அறிமுகத்துக்கு இரண்டு பக்கமும் ஒரு வரைபடமும் போதும். உமணரை விட மனமில்லையென்றால் தனிக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்புங்கள்.

சரி, மிச்சத்தை எப்படி அடுக்குவது? உங்களிடம் தலைப்பு இருக்கிறது, கேள்வி இல்லை. கேள்வி இல்லாததால்தான் வகைப்பாடு, வாழ்வியல், சமுதாயம் என்று எந்த ஆய்வுக்கும் பொருந்துகிற பெயர்களாக வந்து விழுந்திருக்கின்றன. ஆனால் உங்கள் குறிப்புகளின் கடைசித் தாளில், அடிக்குறிப்பாகப் பொடி எழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ‘இப்ப பாத்தியில யாரும் பாடுறதில்ல, மழை மாசத்துல வேலையில்லாம வீட்டுல கெடக்கும்போதுதான் பாட்டு வரும்’ என்று ஓர் ஆச்சி சொன்னதாக. அம்மா, உங்கள் ஆய்வேடே அதுதான்! வேலையோடு பிறந்த பாட்டு, வேலை நிற்கிற ஐப்பசி கார்த்திகையில் மட்டும் எப்படி உயிரோடு இருக்கிறது? இதைக் கேள்வியாக வைத்தால் இயல்கள் தாமாக வரிசைக்கு வரும்.

முதல் இயலில் ஒரு வேலைநாளை எழுதுங்கள். பாத்தி மிதிப்பது, தண்ணீர் பாய்ச்சுவது, உப்பு வாருவது, சுமந்து கொட்டுவது – எந்த வேலைக்கு எந்தப் பாட்டு இருந்தது, அதன் தாளம் கை அசைவோடு எப்படிப் போனது என்று. அடுத்த இயல், பாட்டு பாத்தியை விட்டு வீட்டுக்குப் போன கதை. உங்கள் 40 நேர்காணலின் இடம் அங்கேதான். ஆட்கள் சொன்ன காரணங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் அப்படியே வையுங்கள், மெழுகிவிடாதீர்கள். மூன்றாவது, இடம் மாறியதில் பாட்டின் சொல்லும் நீளமும் மாறினவா என்பது. நாலாவது ஓர் இயல் தேவையா என்பதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். பல்கலைக்கழக விதியேட்டில் இத்தனை இயல் என்று போட்டிருந்தால் அதற்குக் கட்டுப்படுங்கள். இல்லையென்றால் ஐந்து என்பது வெறும் பழக்கம்.

62 பாடல்களையும் முழுசாகப் பின்னிணைப்பில் போட்டு எண் கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பாடியவர் வயது, ஊர், பதிவு செய்த நாள். இயலுக்குள் வேண்டிய இரண்டு வரியை மட்டும் எடுத்தால் போதும். எட்டு வரிப் பாடலைப் போட்டுவிட்டு, ‘இப்பாடலில் ஒரு பெண் தன் கால் புண்ணைப் பற்றிப் பாடுவதை அறிய முடிகிறது’ என்று கீழே எழுதுகிறார்களே, அதைப் படித்துப் படித்தே என் கண் போனது. பாட்டிலேயே அது இருக்கிறது.

முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். கருதுகோள், எல்லை, முன்னோடிகள், அணுகுமுறை எல்லாம் அதில் வரும் என்றாலும், என்ன கண்டுபிடித்தோம் என்று தெரியாமல் எழுதிய கருதுகோள் பெரும்பாலும் பொய்யாக இருக்கும். நன்னூல் என்ற இலக்கண நூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் ‘மற்றொன்று விரித்தல்’, அதாவது சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரிப்பது, நம் ஆய்வேடுகளின் முன்பாதியில் குடியிருக்கிறது. ‘சென்று தேய்ந்து இறுதல்’, அதாவது போகப் போகச் சுரத்துக் குறைந்து முடிவது, பின்பாதியில். ஆறு பக்க முடிவுரையில் ஐந்து பக்கம் இயல்சுருக்கமாக இருந்தால் இரண்டாவது குற்றம் உறுதி. முடிவுரைக்கு ஆச்சியிடம் திரும்பிப் போங்கள்.

கேள்வி: மேற்கோளாகக் காட்டும் பாடல் வரிகளையெல்லாம் ஒப்புமை மென்பொருள் திருட்டு என்று காட்டிவிடுமா?
– ஓர் ஆய்வாளர், மதுரை

பதில்: பயப்பட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, உரிய முறையில் ஆதாரம் காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் வராது. அவை போக 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. அதற்குமேல் 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள். மேற்கோள் குறியை மறந்தால்தான் வம்பு.

கேள்வி: நன்றியுரையில் பாடல் பாடிக்கொடுத்தவர்களை நெறியாளருக்கு முன்னால் போடலாமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: அவர்கள் சம்மதித்தால் தாராளமாகப் போடுங்கள். என் ஆய்வேட்டில் துணைவேந்தரிலிருந்து தட்டச்சுக்காரர் வரை பெயர் பெயராக இருக்கிறார்கள். ஒரே ராத்திரியில் 31 ஒப்பாரி பாடிக்கொடுத்து, கருப்பட்டிக் காப்பியும் போட்டுத் தந்த கிழவி, ‘மற்றும் தகவலாளிகள் அனைவருக்கும்’ என்ற வரிக்குள் இருக்கிறாள்.